இழுத்துப் பார்க்கக் கூடாத ஒட்டு

எங்கள் தெருவில் அவருக்கு இழுத்துப்பார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தால் தெருவில் ஒருவருக்கும் வழி காட்டத் தெரியாது. நாற்காலி செய்கிறவர். ஒட்டிய மூட்டு காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைக் கழற்றியதும் நாற்காலிக் காலை ஒரு கையிலும் சட்டத்தை இன்னொரு கையிலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு ஒரு முறுக்கு. அதற்கும் அசையாவிட்டால்தான் அவர் கணக்கில் அது நாற்காலி. வெளியே எங்கே போனாலும் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒருமுறை பேருந்தில் முன்சீட்டுக் கம்பியை அப்படி இழுக்கப்போக, அதில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து சண்டைக்கு வந்துவிட்டார்.

நான் எதிர்க்கடை. அவர் செய்கிற நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துப் பொருத்துவது என் வேலை. அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். சொந்தம் எதுவும் கிடையாது. மதியச் சாப்பாடு மட்டும் அங்கேதான், அதைவிடப் பெரிய சொந்தம் எனக்கும் தேவைப்படவில்லை.

அண்ணன் இழுக்கிறவர் என்றால் அண்ணி தடவுகிறவர். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை அவருடையது. வலது கையில் தாள் போய்க்கொண்டே இருக்கும், பின்னாலேயே இடது கை ஆள்காட்டி விரல் மரத்தின் மேல் ஊர்ந்து வரும். மூட்டு சேருமிடத்தில் விரல் நிற்கும். "இங்க தூக்கியிருக்கு" என்பார். நான் குனிந்து பார்ப்பேன், அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார், எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் விரல் சொன்ன இடத்தில் இரண்டு இழை இழைத்தால் இழைப்புளியில் சுருள் வரும். அந்தப் பட்டறையில் கடைசிச் சொல் அந்த விரலுடையது.

சாயங்காலம் பட்டறையைப் பெருக்கிய பிறகு அந்த விரலுக்கு இன்னொரு வேலை இருந்தது. அண்ணன் உள்ளங்கை இரண்டையும் நீட்டுவார். அண்ணி அந்த விரலால் மெதுவாக மேய்ந்துகொண்டே வருவார். வெள்ளை மரத்தின் சிராய் தோலுக்குள் போய்விட்டால் எந்த வெளிச்சத்திலும் கண்ணுக்குப் படாது. விரல் ஓரிடத்தில் நிற்கும், ஊசி வரும், சிராய் வெளியே வந்துவிடும். "என்னமோ சுரங்கத்துல தங்கம் எடுக்கிற மாதிரி" என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்கு எடுத்துவிட ஆள் இல்லன்னு வயித்தெரிச்சல்" என்பார் அண்ணன். உண்மைதான், கொஞ்சம் இருந்தது.

அந்த வருஷ மழை விடாமல் பெய்தது. பலகையெல்லாம் ஊறி, கதவு நிலையில் சிக்கி, என் பஞ்சு மூட்டைகள் புளித்த வாடை அடித்தன. ஒரே இரவில் காய்கிற பசை மறுநாள் மதியம்வரை விரலில் பிசுபிசுத்தது. அப்படி ஒரு நாளில்தான் ஒரு நாற்காலி திரும்பி வந்தது. முன்கால் மூட்டு விட்டுவிட்டது. கொண்டுவந்தவர் கோபிக்கக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை மட்டும் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. துளைக்குள் காய்ந்து கிடப்பதை உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு நாற்காலிக் காலை மேசையில் பொருத்திய வைஸில் இறுக்கிக்கொண்டு செய்வதுதான் முறை. வைஸில் அண்ணனின் வேறு சட்டம் ஒன்று பாதி அறுத்தபடி நின்றது. "கழட்ட வேணாம், ரெண்டு நிமிஷ வேலை" என்று அண்ணி நாற்காலிக் காலை மடியில் வைத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். ஈரத்தில் பசை ரப்பர் போல் இருந்தது. உளி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல, துணி குடுங்க" என்றார். மெத்தைத் துணி ஒன்றை மடித்துக் காயத்தில் அழுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வண்டி என்னுடையது. வழியெல்லாம் அண்ணன் ஒரே வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னார். "வைஸைக் கழட்டிக் குடுத்திருக்கணும்." அண்ணி கடைசியில் எரிச்சலாகி, "ரத்தம் எனக்கு வருது, புலம்பல் உங்களுக்கு வருது" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண். எங்கள் வயதுதான் இருக்கும், தூக்கம் போதாத முகம். காயத்தைக் கழுவிவிட்டு, அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா மூடியின் நுனியால் விரலைத் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது."

கட்டைவிரல் பக்கத்துக்கு வந்து தொட்டார். அண்ணி காத்துக்கொண்டிருந்தார். மறுபடி தொட்டார், கொஞ்சம் அழுத்தியே தொட்டார்.

"தொடுங்க டாக்டர்" என்றார் அண்ணி, கண்ணை மூடியபடியே.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விரலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது, அதில் கட்டைவிரல் பக்கத்து நரம்பு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். அன்றைக்கே சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அண்ணன் அதற்குள் திரும்பிவிட்டார்.

"தையலா டாக்டர்?"

"இல்ல. நரம்பு ரொம்பச் சின்னது. ஊசி போற ஒவ்வொரு ஓட்டையும் அதுக்கு இன்னொரு காயம். இப்ப இதுக்குன்னே ஒரு பசை இருக்கு. ரெண்டு முனையையும் நேருக்கு நேர் வச்சு, சுத்தி ஒரு மெல்லிசான உறை மாதிரி அந்தப் பசையைப் போட்டா பிடிச்சுக்கும்."

பசை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்தார். அதுவரை நோயாளியின் கணவர், அதற்குப் பிறகு தொழில்காரர்.

"எவ்வளவு நேரத்துல காயும்?"

"ஒரு நிமிஷம் கூட ஆகாது."

"எதை வச்சு இறுக்குவீங்க?"

"இறுக்கக் கூடாது. இறுக்கினா உள்ள ரத்தம் ஓடாது, நரம்பு செத்துப்போயிடும். சும்மா தொட்டுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

"இறுக்காம ஒட்டா?" என்று என்னைப் பார்த்தார், நான் ஏதோ சாட்சி சொல்லப்போகிறவன் போல. "சரி, எத்தனை வருஷம் தாங்கும்?"

"வருஷமா? அது சில மாசத்துல தானா கரைஞ்சு போயிடும்."

"கரைஞ்சா?"

"கரையணும்ங்க. பசை நரம்பா மாறாது. முனை ரெண்டும் விலகாம அது பிடிச்சுக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல நரம்பு தானா வளர்ந்து விரல் நுனிவரைக்கும் போகணும். வளர்ந்த பிறகு பசைக்கு அங்க வேலை இல்ல."

அண்ணன் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இறுக்க மாட்டாங்களாம். கரைஞ்சு வேற போயிடுமாம். ஒரு முக்காலிக்குக் கூட நான் அந்தப் பசையைப் போட மாட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் நான் சிரிக்கவில்லை.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. விரலை லேசாக மடக்கினபடி ஒரு பிளாஸ்டிக் அச்சில் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். மூன்று வாரம் நீட்டவே கூடாது. நீட்டினால் ஒட்டிய இடம் இழுபடும். சூட்டுப் பக்கமும் போகக் கூடாது, சுட்டால் அந்தப் பக்கம் தெரியாது. உணர்ச்சி திரும்புமா என்று அண்ணி கேட்டதற்கு டாக்டர், "வரணும். எவ்வளவு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அண்ணிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சத்தியம் செய்கிற பலகைக்காரரிடம் அவர் பலகை வாங்குவதில்லை.

அடுப்பு அண்ணன் கைக்குப் போனது. நான் பட்ட கஷ்டத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கைத் துல்லியமாக ஒரே அளவுச் சதுரங்களாக நறுக்குவார், வெளியே கருக்கி உள்ளே பச்சையாக வைத்துவிடுவார். முட்டையில் ஓடு கடிபடும். சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் சரளை. அண்ணி வாசற்படியில் கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

"நல்லாத்தான் இருக்கு" என்பார்.

"பாரு, அவளே சொல்லிட்டா."

"பசிக்கு நல்லாத்தான் இருக்கு."

தெருவே பயந்தது அண்ணனைப் பற்றித்தான். இந்த ஆள் சும்மா இருப்பாரா, கை அரித்து ஒரு நாள் இழுத்துப் பார்த்துவிடுவாரே என்று பால்காரர் முதல் சலூன்காரர் வரை கவலைப்பட்டார்கள். நானும் ஜாடைமாடையாகச் சொல்லிவைத்தேன். அவருக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை. அண்ணி பக்கத்தில் உட்காரும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். கைகளை மறைக்க அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாயங்காலம் உள்ளங்கையை நீட்டுவதை நிறுத்திவிட்டார். சிராய் ஏறினால் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டார், வராததை அப்படியே விட்டார். பெருவிரலில் ஒன்று சீழ் வைத்து வீங்கியபோது சுத்தியல் பட்டதென்று பொய் சொன்னார். அண்ணி நம்பினாரா என்பது அண்ணிக்குத்தான் தெரியும்.

ஒரு மதியம் மூவரும் ரொட்டியும் வெங்காயம் வதக்கிய முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு வெங்காயம் மட்டும் கைவந்திருந்தது. அண்ணி ரொட்டியைப் பிய்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"உப்பு அதிகமா?"

"நான் நீட்டிப் பார்த்துட்டேன்."

"எதை?"

"விரலை. நேத்து துணி மாத்தும்போது. பிடிச்சிருக்கான்னு பார்க்கலாம்னு. லேசா நீட்டிட்டு, இந்தக் கையால பிடிச்சுக் கொஞ்சம் இழுத்தும் பார்த்துட்டேன்."

ஊர் முழுக்க இழுத்துப்பாரைக் காவல் காத்துக்கொண்டிருக்க, இழுத்தது இவர்.

"சுருக்குன்னு ஒரு வலி. விட்டுட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல." அண்ணி அச்சுக் கட்டிய கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். "நம்ம பசை ஒரு ராத்திரியில பிடிக்குது. அவங்க பசை ஒரு நிமிஷம்னாங்க. பத்து நாளுக்கு மேல ஆச்சு. இழுத்துப் பார்க்காம இதுவரைக்கும் ஒரு ஒட்டையாவது இந்த வீட்டுல நம்பியிருக்கோமா? இந்த ஒட்டு நின்னா நான் பழையபடி தேய்ப்பேன், இல்லன்னா வெறும் பசை தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அது தெரியாம எத்தனை நாளைக்குச் சும்மா உட்கார்றது?"

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "எங்கிட்ட கத்துக்கிட்ட புத்திதானே. நான் உன் இடத்துல இருந்தா மூணாம் நாளே இழுத்திருப்பேன். எழுந்திரு, போவோம்" என்றார்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே திட்டினார். எதற்காக நீட்டினீர்கள் என்று கேட்டபோது அண்ணன் தன் பட்டப்பெயரையும் அதன் வரலாற்றையும், பேருந்துக் கதை உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் திட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"விட்டுப்போச்சா டாக்டர்?" அண்ணி கேட்டார்.

"இப்ப சொல்ல முடியாது. வலிச்சதும் விட்டுட்டீங்க, அது நல்லது. திறந்து பார்த்தா இருக்கிறதையும் கெடுத்துடுவோம். இதுக்கு இழுக்கிற சோதனை கிடையாதும்மா, தட்டுற சோதனைதான். தழும்புலருந்து நுனிப்பக்கமா மெதுவா தட்டிக்கிட்டே வரணும். எந்த இடத்துல கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுதோ, நரம்பு அதுவரைக்கும் வந்திருக்கு. அந்த இடம் நுனியைப் பார்த்து நகர்ந்தா ஒட்டு நிக்குது. நகரலன்னா மறுபடி பார்ப்போம்."

"தினமும் தட்டலாமா?" என்றார் அண்ணன்.

"வாரத்துக்கு ஒரு தடவை. நீங்க தட்டுங்க, அவங்க தட்ட வேணாம்" என்ற டாக்டர், அச்சு இன்னும் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கட்டும் என்று எழுதினார். தண்டனை மாதிரிதான் இருந்தது.

அச்சைக் கழற்றிய பிறகு ஞாயிறு காலைதோறும் அது ஒரு சடங்காகிவிட்டது. அண்ணன் காதில் செருகிய பென்சிலை எடுத்து, பின்பக்கத்தால் தழும்பிலிருந்து தட்டிக்கொண்டே வருவார். அண்ணி கண்ணை மூடிக்கொள்வார். "இங்க" என்றதும் பென்சிலைத் திருப்பி, பலகையில் போடுவது போலவே ஒரு சின்னக் கோடு போடுவார். மங்கினால் அதே இடத்தில் மறுபடி போட்டுவைப்பார். முதல் வாரம் கோடு தழும்பின் மேலேயே விழுந்தது. அடுத்த வாரமும் அங்கேதான். அதற்கடுத்த வாரமும்.

அந்த நாட்களில் வீடு வீடாக இல்லை. அண்ணி நடுவிரலால் மரத்தைத் தடவிப் பார்த்துப் பழகினார். "புது வேலைக்காரன், எல்லாத்துக்கும் சரி சரிங்கிறான்" என்று அந்த விரலைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்த முகம் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணன் கோட்டைப் போட்டுவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், அது எனக்கு லேசான காரியமில்லை.

மழை ஒருவழியாக விட்டு, பலகைகளை வெயிலில் சாய்த்து வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அண்ணன் செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி வந்தார். பின்னாலேயே அண்ணி, இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கண்ணாடி போட்டுப் பாரு. பழைய கோடு எது, புதுக் கோடு எது?"

பார்த்தேன். பழைய கோடு தழும்பில் இருந்தது. புதுக் கோடு அதற்கு முன்னால், ஒரு பென்சில் கனம் தள்ளி இருந்தது.

"நகர்ந்திருக்கு" என்றேன்.

"சத்தமா சொல்லு."

"நகர்ந்திருக்குண்ணே!"

பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்ன சண்டை என்று கேட்டார். அவரிடமும் விரலைக் காட்டினார்கள். அவருக்கு இரண்டு பென்சில் கோடுதான் தெரிந்திருக்கும், ஆனாலும் ஒப்புக்குச் சந்தோஷப்பட்டார். அன்று அண்ணன் சமைத்ததில் எல்லாமே தீய்ந்திருந்தது. மூவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. நத்தை வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. நடுவில் விரல் அரித்தது, குறுகுறுத்தது, சும்மா காற்றுப் பட்டாலே கூசியது. ஒரு நாள் உப்புத்தாளைத் தொட்டுவிட்டு எறும்பு கடிப்பதாகக் கத்தினார் அண்ணி. கத்திவிட்டு அதே தாளை மறுபடி மறுபடி தொட்டார்.

வெயில் உச்சத்தில் இருந்தபோது கடைசியாக டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொல்லிப் பேனா மூடியால் தொட்டார். ஓரத்தில் ஓரிடம் இன்னும் மந்தமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் அண்ணி சரியாகச் சொன்னார். அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அந்தப் பசை டாக்டர்?"

"இந்நேரம் கரைஞ்சு போயிருக்கும். இப்ப அங்க இருக்கிறது அவங்க நரம்பு மட்டும்தான்."

வண்டியில் வரும்போது அண்ணன் தன் ஆள்காட்டி விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் இறங்கி, வேலைக்கு உட்காராமல் மரத்தூளில் நின்றுகொண்டிருந்தார். கிளாம்பில் ஒரு நாற்காலி காய்ந்து தயாராக இருந்தது, அதைக்கூட அவர் கழற்றவில்லை.

"என்னங்க யோசனை?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல. பசையும் இல்ல, இறுக்கவும் இல்ல. எப்படி நிக்குதுன்னு யோசிக்கிறேன்."

"உங்களுக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும், எனக்குத் தெரியாதா? இந்தாங்க." அண்ணி ஆள்காட்டி விரலை நீட்டினார். "டாக்டரே இனிமே எல்லா வேலையும் செய்யலாம்னுட்டாங்க. இழுத்துப் பாருங்க."

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். விரலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை. தலையை ஆட்டி, "வேணாம், இது இப்படியே இருக்கட்டும்" என்றார். அவர் ஒட்டு ஒன்றை இழுக்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அண்ணியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அந்த உள்ளங்கைகளுக்குள் விரல் மெதுவாக ஊர்ந்தது, பெருவிரலின் அடிமேட்டுக்கு வந்தது, தாண்டியது, திரும்பி வந்து நின்றது.

"இது எப்ப ஏறுச்சு?"

"எது?"

"அசையாதீங்க. இங்க. நல்ல நீளம்."

அண்ணன் குனிந்து தன் கையையே பார்த்தார். நானும் பார்த்தேன். எப்போதும் போல எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"அது போன வாரம்..." என்று ஆரம்பித்த அண்ணன் மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இத்தனை மாசமும் ஒளிச்சதுல எத்தனை பாக்கி இருக்குன்னு இன்னைக்குப் பார்த்துடுறேன். தம்பி, ஓடு, ஓர் ஊசி கொண்டா."

கண்ணீர் கண்ணை மறைத்ததில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, மெத்தை தைக்கிற ஒரு சாண் ஊசி. அதைப் பார்த்ததும் அண்ணன், "ஐயோ!" என்று வெடுக்கென்று கையை இழுத்தார். தன் பலம் முழுக்கப் போட்டுத்தான் இழுத்தார்.

அண்ணி விடவில்லை.